எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் டீன்களுக்கும்,

வணக்கம்.

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் தையல் கடை நடத்துகிறேன். மார்பகப் புற்றுநோய் வந்து, கீமோ, ஆபரேஷன், கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இப்போது மாத்திரையில் இருக்கிறேன். என்னைப் போலச் சிகிச்சை முடித்த பெண்கள் சிலர் சேர்ந்து, பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு வாராவாரம் போய்வருகிறோம். புதிதாக வரும் பெண்களோடு உட்கார்ந்து பேசுவோம், இன்சூரன்ஸ் கவுன்டரைக் காட்டிவிடுவோம், கீமோ நாளில் துணைக்கு ஆளில்லாதவர் பக்கத்தில் இருப்போம். யாரும் எங்களை நியமிக்கவில்லை. வராதே என்று சொன்னதும் இல்லை, வார்டு வாசலில் நிற்கும் காவலரைத் தவிர. "பேஷன்ட் பேரு என்னம்மா? பாஸ் எங்க?" என்று அவர் கேட்பதும் நியாயம்தான். நாங்கள் நோயாளியும் இல்லை, அட்டெண்டரும் இல்லை, ஊழியரும் இல்லை.

அந்த மூன்றிலும் சேராத எங்களுக்கு நான்காவதாக ஓர் இடம் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். சிகிச்சை முடித்த பெண்களில் விருப்பமும் பக்குவமும் உள்ளவர்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, அடையாள அட்டையும் மாதம் ஒரு தொகையும் கொடுத்து, ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவிலும் உட்காரவையுங்கள். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று அக்டோபரில் பிங்க் ரிப்பன் குத்தி, மேடையேற்றி, பொன்னாடை போர்த்துகிறார்கள். சந்தோஷம். ஆனால் நவம்பரில் அதே கட்டடத்துக்குள் நுழைய அதே ஆட்களிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்காக 2021இல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. அதில் மூன்று இலக்குகள். நோயாளிகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களை முதல் இரண்டு நிலைகளிலேயே கண்டுபிடிக்க வேண்டும். மருத்துவரிடம் வந்த 60 நாளுக்குள் நோய் இதுதான் என்று உறுதி செய்ய வேண்டும். சிகிச்சை தொடங்கியவர்களில் 80 சதவீதம் பேராவது அதை முடிக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் நீங்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்குப் பரிசோதனை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசல் வரை வருகிறது. மூன்றாவது இலக்குக்கு மருந்தும் மெஷினும் மட்டும் போதாது. இந்தியாவில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாகவும், 98,000 பேர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் கணக்கு சொல்கிறது. இறந்தவர்களில் சிகிச்சையைப் பாதியில் விட்டு நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கில் தனிக் கட்டம் கிடையாது.

ஏன் நின்றுபோகிறார்கள் என்று எங்களைக் கேளுங்கள். அறியாமை, வறுமை என்று இரண்டே சொல்லில் அறிக்கையில் எழுதிவிடலாம். நடப்பது வேறு.

கட்டி பெரிதாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுத்துச் சுருக்குகிறார்கள். இரண்டு மூன்று ஊசியிலேயே பலருக்குக் கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போய்விடும். அந்தப் பெண் என்ன நினைப்பார்? கரைஞ்சிருச்சு, இனிமேல் எதற்கு அறுக்கணும்? வீட்டிலும் அதையே சொல்வார்கள். அத்தோடு, "கத்தி பட்டா பரவிரும்" என்று சொல்ல ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். ஆக, மருந்து நன்றாக வேலை செய்த காரணத்தாலேயே ஒருத்தி சிகிச்சையை விட்டுவிடுகிறாள். எங்கள் பக்கம் இப்படிப் போனவர்களில் சிலர் ஒரு வருஷம் கழித்து முதுகு வலி என்று திரும்பி வந்திருக்கிறார்கள். அப்போது அது எலும்பில் இருந்தது.

இன்னொரு வகை, மகள் கல்யாணம். தலையில் முடி இல்லாமல் மணமேடையில் நிற்க முடியாது, சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் 'குடும்ப வியாதி' என்று பேச்சு வரும். அதனால் "கல்யாணம் முடியட்டும், வர்றேன்" என்று போய்விடுவார்கள். அறுவடை முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்பவர்களும் உண்டு. கீமோ என்பது தேதி பார்த்துப் போடும் மருந்து. நம் வீடுகளிலோ பெண்ணின் உடம்புக்கு எப்போதும் கடைசித் தேதிதான் மிஞ்சும்.

மருத்துவர்கள் இதைச் சொல்லாமல் இல்லை. சொல்கிறார்கள். ஓ.பி.யில் நிற்கும் கூட்டத்துக்கு அவர்கள் ஒருவருக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கினாலே பெரிய காரியம். எல்லாவற்றுக்கும் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டுகிற பெண், வெளியே வந்ததும் எங்களிடம், "அக்கா, டாக்டர் என்ன சொன்னாங்க?" என்பார். கீமோவில் ஒரு சிவப்பு மருந்து உண்டு, அது ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை, பயப்படாதே என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால், முதல் கீமோவோடு ஓடிப்போன சிலர் ஓடியிருக்க மாட்டார்கள். முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும், அதற்கு முன்பே நாமாக வெட்டிக்கொண்டால் மனசு அவ்வளவு உடையாது. கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுக்கக் கூடாது, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், ஏனென்றால் அப்போது உடம்பில் வெள்ளை அணுக்கள் குறைந்து கிடக்கும், சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும். இதெல்லாம் கேஸ் ஷீட்டோடு கொடுக்கும் தாளில் அச்சாகியிருக்கிறது. தாள் வீட்டில் பீரோவுக்குள் போய்விடுகிறது. உயிரோடு இருக்கும் ஒருத்தி எதிரில் உட்கார்ந்து, "எனக்கும் இப்படித்தான் வந்துச்சு, நான் இன்னது செஞ்சேன்" என்று சொல்வது காதில் நிற்கிறது.

சில காரியங்களை எங்களால்தான் செய்ய முடியும் என்று கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எடுத்த பிறகு அந்த இடம் எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டார். கணவரிடம் கேட்க முடியாது, சர்ஜனிடம் கேட்கக் கூச்சம், நர்ஸுக்கு நேரமில்லை. குளியலறைக் கதவைத் தாழிட்டு என் தழும்பைக் காட்டினேன். தொட்டுப் பார்க்கலாமா என்றார். தொட்டுப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அழுதார். மறுநாள் ஆபரேஷனுக்குப் போனார். இதற்கு எந்தப் பட்டயப் படிப்பு வேண்டும் சொல்லுங்கள்.

வீட்டார் நோயை நோயாளியிடமே மறைப்பது இன்னொரு தொல்லை. "அம்மாவுக்கு வெறும் கட்டினுதான் சொல்லியிருக்கோம், நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க" என்று மகன் வாசலிலேயே நிறுத்திச் சொல்வார். உள்ளே போனால் அம்மா மெதுவாக, "எனக்குத் தெரியும்மா, பிள்ளைகள் பயந்துருவாங்கன்னு கேக்காம இருக்கேன்" என்பார். வார்டு வாசலில் புற்றுநோய்ப் பிரிவு என்று பெரிய எழுத்தில் போர்டு இருக்கிறது. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். இந்த இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசவிடுவதுதான் அன்றைக்கு எங்கள் வேலை. பேசி முடித்த பிறகு அந்த அம்மா தவறாமல் தேதிக்கு வருவார், ஏனென்றால் இனி யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை.

என் தொழில் தையல் என்பதால் எனக்கு ஒரு தனி வேலையும் வந்து சேர்ந்தது. மார்பை முழுதாக எடுத்த பெண் பழைய ரவிக்கையைப் போட்டால் ஒரு பக்கம் தொய்யும், தோள் ஏறி இறங்கும். சிலிக்கான் பேட் விலைக்கு எங்கள் ஊரில் ஒரு மாதக் குடும்பச் செலவை ஓட்டலாம். பஞ்சு அடைத்தால் எடை நிற்காது, நடக்க நடக்க மேலே ஏறிவிடும். மெல்லிய காட்டன் துணியில் இரட்டை மடிப்பாகப் பை தைத்து உள்ளே கடுகு நிறைத்தால் எடை சரியாக உட்காரும். கேழ்வரகும் போட்டுப் பார்த்தோம், மழைக்காலத்தில் வண்டு விழுந்துவிட்டது. கடுகு தேவலை. புண் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகுதான் இதைப் போடச் சொல்வோம். ஆபரேஷன் ஆன இடத்து நீர் வடியும் டிரெயின் பாட்டிலை மறைத்துத் தூக்கிக்கொள்ளத் தோளில் மாட்டும் சின்னப் பையும் தைத்துக் கொடுக்கிறோம். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த கையை அப்படியே மடக்கி வைத்தால் தோள் இறுகிவிடும் என்பதால், சுவரில் விரலால் ஏறிப்போகும் பயிற்சியையும் கூடவே நின்று செய்யவைப்போம். இதற்கெல்லாம் அரசுக்கு ஆகும் செலவு ஒரு ரிப்பன் விழாவின் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது என்பது என் கணிப்பு. தையல்காரியின் கணிப்பு, துணிக்கணக்கில் நான் தப்புவதில்லை.

சரி, இது புது யோசனையா என்றால் இல்லை. உங்கள் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இது நடந்துகொண்டிருக்கிறது. எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே கேர் கோ-ஆர்டினேட்டர் என்று ஒரு பணி இருக்கிறது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களையே அந்தப் பணியில் அமர்த்துவது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் நெறிமுறை. சம்பளமும் உண்டு. மாத்திரை வாங்க வராதவரைக் கூப்பிட்டுப் பேசுவதும், புதிதாக வந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போவதும் அவர் பொறுப்பு. 2004இல் அரசு இலவச ஏ.ஆர்.டி. மருந்தைத் தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. அதற்கும் முன்பே, 1998இல், எச்.ஐ.வி. உள்ள பெண்கள் சென்னையில் தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். காசநோய்த் திட்டத்திலும் குணமானவர்களுக்குப் பயிற்சி கொடுத்து டி.பி. சாம்பியன் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரே துறை, ஒரே காம்பவுண்டு. ஊர் ஒதுக்கிவைத்த அந்த இரண்டு நோய்களில் அனுபவப்பட்டவர்களை உள்ளே விட்ட அரசுக்கு, எங்களை உள்ளே விட என்ன தயக்கம்?

வெளியே பார்த்தால் இன்னும் பழைய கதை. 1952இல் நியூயார்க்கில் தெரீஸ் லாஸர் என்ற பெண், தனக்கு மார்பை எடுத்த பிறகு, அதே ஆபரேஷன் ஆன மற்றப் பெண்களைப் படுக்கையருகே போய்ப் பார்க்க ஆரம்பித்தார். கையை எப்படித் தூக்குவது, உள்ளாடைக்குள் எதை வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். மருத்துவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே ‘ரீச் டு ரெகவரி’ என்ற அந்த முயற்சியைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் அடையாறைப் பாருங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அங்கேயிருக்கும் புற்றுநோய் மருத்துவமனை. மும்பை டாட்டா மெமோரியலில் ‘கேவட்’ என்ற பெயரில் நோயாளிகளுக்கு வழிகாட்டும் ஆட்களைப் படிக்கவைத்துத் தயார் செய்கிறார்கள். நல்ல திட்டம், ஆனால் அது பட்டதாரிகளுக்கு. நான் எட்டாவதோடு நின்றவள்.

உங்கள் பக்கத்துத் தயக்கமும் எனக்குப் புரிகிறது. அரசு மருத்துவமனையில் புரோக்கர்கள் சுற்றுகிறார்கள். சத்து மாவு விற்கிறவர்கள், முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் கீமோவே வேண்டாம் என்கிறவர்கள், ஜெபத்துக்கும் பரிகாரத்துக்கும் ஆள் பிடிக்கிறவர்கள் எல்லோரும் "நானும் பேஷன்ட்தான்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் காவலர் எப்படி வித்தியாசம் காண்பார்? அட்டை கேட்பது அதற்காகவும்தான். எங்களுக்குக் கட்டுப்பாடு போடுங்கள். மருந்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது, சந்தேகம் வந்தால் டாக்டரிடமோ சிஸ்டரிடமோதான் அனுப்ப வேண்டும். காசு வாங்கக் கூடாது, பொருள் விற்கக் கூடாது. ஒருவர் நோயைப் பற்றி இன்னொருவரிடம் வாய் திறக்கக் கூடாது. ஊர்ப் பக்கம் இது மிக முக்கியம், எங்கள் பஸ்ஸில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மீறினால் அட்டையைப் பிடுங்கிவிடுங்கள்.

குணமான எல்லோரும் இதற்கு ஏற்றவர்களும் இல்லை. சிகிச்சை முடிந்த சூட்டோடு வருகிறவர் தன் பயத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார், கொஞ்ச காலம் போகட்டும். "எனக்கு ஒண்ணுமே ஆகல, உனக்கும் ஆகாது" என்று அடித்துச் சொல்கிறவர் ஆபத்தானவர். இந்த நோயிலேயே பல வகை உண்டு, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகைக்கு ஓராண்டு ஊசி, ஹார்மோனால் வளரும் வகைக்கு ஐந்தாண்டு பத்தாண்டு மாத்திரை என்று ஒவ்வொருத்திக்கும் வழி வேறாக இருக்கிறது. நோய் வேறு உறுப்புக்குப் பரவிவிட்ட நான்காம் நிலையில் வந்த பெண்ணின் எதிரில் நான் தெம்பாகப் போய் உட்கார்வதே அவருக்குச் சில சமயம் வலி. அதனால் வேண்டுமா வேண்டாமா என்று நோயாளியிடம் கேட்டபிறகே எங்களை அனுப்ப வேண்டும். எங்களோடு சிரித்துப் பேசியவர்கள் இறந்தும் போகிறார்கள். அந்த வாரம் வார்டுக்குப் போகக் கால் வராது. எங்களிலேயே ஒருத்திக்கு நோய் திரும்பி வந்தபோது, மற்ற எல்லோரும் அவரவர் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனவே மனநலப் பிரிவிலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை எங்களோடும் உட்கார ஏற்பாடு வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை, இது இல்லாமல் இந்த வேலை ஓடாது.

பணத்தைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேசிவிடுகிறேன். சேவை என்று சொல்லிச் சும்மா செய்யச் சொல்வது பெண்களிடம்தான் அதிகம் நடக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் புற்றுநோய்ப் பிரிவு இருக்கும் ஊர் எங்களுக்கு டவுன் பஸ் தூரத்தில் இல்லை. ஒரு நாள் கடையைப் பூட்டினால் அன்றைய கூலி போச்சு. எங்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தொகை இல்லையென்றால் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் மட்டுமே வர முடியும். அவர்கள் பேசும் தமிழும் படும் கவலையும் வேறு, வார்டில் படுத்திருப்பவர்களுக்கு அது ஒட்டாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மகளிர் குழுப் பெண்களைத் தன்னார்வலராக எடுத்து ஊக்கத்தொகை தருகிறீர்களே, அந்த ஏற்பாட்டையே கொஞ்சம் நீட்டினால் போதும்.

அந்தத் தொகைக்கு நாங்கள் என்ன திருப்பித் தருவோம் என்று நிதித்துறை கேட்கும். காப்பீட்டுக்கு வருமானச் சான்று, ரேஷன் கார்டு, வி.ஏ.ஓ. கையெழுத்து என்று எதை எடுத்துக்கொண்டு எந்த ஜன்னலுக்குப் போவது என்று சொல்லி, முதல் நாளே வீணாய்த் திரும்பும் அலைச்சலைக் குறைப்போம். புற்றுநோய் நோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் முழுச் சலுகை இருக்கிறது, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு சலுகை, அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்கினால் போதும். இது தெரியாமல் கடன் வாங்கி டிக்கெட் எடுப்பவர்களை நாங்கள் வாராவாரம் பார்க்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, தேதிக்கு வராதவர் பட்டியலை எங்களிடம் கொடுங்கள். சம்மதம் கொடுத்தவர்களுக்கு மட்டும், அன்று சாயங்காலமே போன் போட்டுப் பேசுகிறோம். ஆறு மாதம் இப்படிச் செய்துவிட்டு, அதற்கு முந்தின ஆறு மாதத்தோடு உங்கள் பதிவேட்டையே ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

எல்லா மருத்துவமனையிலும் ஒரே நாளில் தொடங்கக் கேட்கவில்லை. எந்த டீனுக்கு மனசு இருக்கிறதோ அங்கே தொடங்கட்டும். கமிட்டி போட்டு வருஷத்தைக் கழிக்காமல், அந்த வார்டு சிஸ்டரையே பொறுப்பாக்குங்கள். யார் பேச வேண்டும், யார் பேசக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். பயிற்சிப் புத்தகத்தைத் தமிழில், எங்களையும் உட்காரவைத்து எழுதுங்கள். ஓ.பி. நடக்கும் நாட்களில், இன்சூரன்ஸ் கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டால் வேலையை ஆரம்பித்துவிடலாம். கூடவே பூட்டு உள்ள ஒரு சின்ன அறை வேண்டும், மேசையில் வைத்துக் காட்ட முடியாதவை சில இருக்கின்றன.

இப்படிக்கு,
மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த ஒரு தையல்காரி,
தோழிகள் சார்பாகவும்